ராமோ சாமி

ராமோ சாமி (இறப்பு: ஆகஸ்ட் 1850) 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் புகழ்பெற்று விளங்கிய இந்திய வித்தைக்காரர் ஆவார். பித்தளைப் பந்துகளை மேலெறிந்து பிடித்தல், வாள் விழுங்குதல், வாய்க்குள்ளேயே மணி கோத்தல் ஆகியவற்றுக்காக இவர் பெரிதும் பேசப்பட்டார். இங்கிலாந்தில் பந்து வித்தையைத் தனித் தொழிலாகவே மேடையில் நடத்திய முதல் கலைஞர் என்றும் இவரைக் குறிப்பிடுவர். 1819 ஆம் ஆண்டில் இவர் அமெரிக்காவுக்குச் சென்றார். அந்நாட்டின் பொதுமக்கள் பொழுதுபோக்கு, ஊர் ஊராகச் சுற்றிய செப்பிடுவித்தைக்காரர்கள், மாயக்குரல் கலைஞர்கள் ஆகியோரின் கையில் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

பெயர்

ராமோ சாமி என்பது இராமசாமி என்ற பெயரின் ஆங்கிலத் திரிபாகும். அன்றைய துண்டறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் இப்பெயர் ஒரே சீராக எழுதப்படவில்லை. பெயரைக்கொண்டு இவர் தென்னிந்தியர் என்பது தெளிவு, தமிழராகவே இருக்கக்கூடும். அக்கால ஐரோப்பிய அறிவிப்புகள் இந்தியக் கலைஞரின் ஊரையோ குலத்தையோ பொருட்படுத்தவில்லை. "இந்திய வித்தைக்காரர்" என்ற இரு சொற்களே விளம்பரத்துக்குப் போதுமானவையாக இருந்தன.

தமிழகத்தில் வித்தை மரபு

ராமோ சாமி மேடையில் காட்டியவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுத் தெருக்களிலும் சந்தைகளிலும் நெடுங்காலமாக வழங்கிவந்தவை. கிண்ணங்களைக் கவிழ்த்து அவற்றின் அடியில் உருண்டைகளைத் தோன்றச் செய்தும் மறையச் செய்தும் காட்டுவது செப்பிடு வித்தை. செப்பு என்பது சிறு கிண்ணத்தைக் குறிக்கும். காலப்போக்கில் எல்லாவகைக் கண்கட்டு வித்தைக்கும் இதுவே பொதுப்பெயராயிற்று. இரு வித்தைக்காரர்கள் ஒருவரையொருவர் வெல்ல முயலும் மோடி வித்தை, கழைக்கூத்தாடிகளின் கயிற்று நடை, பாம்பாட்டம் ஆகியன இதனோடு சேர்த்து எண்ணப்படுபவை. கயிற்றில் ஏறி ஆடும் கூத்தரின் பறையொலி குறுந்தொகையின் 7 ஆம் பாடலிலேயே உவமையாக வந்துள்ளது.

பல காய்களை மாறிமாறி மேலெறிந்து பிடிக்கும் ஆட்டத்துக்குத் தமிழில் அம்மானை என்று பெயர். இது மகளிர் விளையாட்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இடம்பெற்றுள்ளது. ஆங்கிலேயர் பார்த்து வியந்த பந்து வித்தை தமிழருக்கு அவ்வளவு அயலானதன்று என்பதை இதனால் அறியலாம்.

இவ்வித்தைகளுக்குத் தனி அரங்கம் இருந்ததில்லை. வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி, அதனை அடுத்த விருத்தாசலம் போன்ற ஊர்களில் சந்தை நாளோ மாசிமகம் போன்ற திருவிழாவோ கூட்டிய மக்கள் கூட்டமே அரங்கமாக அமைந்தது. கட்டணமும் இல்லை, பார்த்தவர் மனமுவந்து போடும் காசும் தானியமுமே வருவாய். வித்தைக்காரரைச் சுற்றி எல்லாப் பக்கமும் மக்கள் நின்றனர். திரையோ, மேசையோ, பின்னால் ஒளிந்திருக்கும் உதவியாளரோ கிடையாது. பிற்காலத்தில் இந்தியா வந்த மேலைநாட்டு மாயவித்தைக்காரர்கள் வியந்த செய்திகளுள் இதுவும் ஒன்று.

இலண்டனில்

1813 ஆம் ஆண்டில் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று இலண்டனின் பால்மால் தெருவில் கட்டணம் பெற்றுக் காட்சி நடத்தியது. மேட்டுக்குடியினர் வாழ்ந்த பகுதி அது. அக்காட்சிகளுக்குப் பின் "இந்திய வித்தைக்காரர்" என்பது இலண்டன் மேடையில் ஒரு தனி வகையாகவே நிலைபெற்றது. அவ்வகையின் மிகப் புகழ்பெற்ற பெயராக ராமோ சாமி விளங்கினார்.

ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் இவ்வித்தையைப் பற்றி எழுதிய "இந்திய வித்தைக்காரர்கள்" என்ற கட்டுரை 1821 இல் வெளியான அவரது தொகுப்பு நூலில் உள்ளது. வெள்ளாடையும் இறுகக் கட்டிய தலைப்பாகையும் அணிந்து தரையில் அமர்ந்து நான்கு பித்தளைப் பந்துகளைச் சுழற்றும் தலைமை வித்தைக்காரரை அவர் அதில் வருணித்துள்ளார். கட்டுரையில் பெயர் கூறப்படவில்லை. எனினும் அவர் ராமோ சாமியே எனப் பலரும் கொள்வர். நாடாளுமன்றப் பேச்சைக் கேட்டபோது தமக்குத் தம்மைப் பற்றிய மதிப்புக் குறையவில்லை என்றும், இந்த வித்தையைக் கண்டபோதுதான் தாம் எதையும் இவ்வளவு பிழையின்றிச் செய்ததில்லை என்ற வெட்கம் தோன்றியது என்றும் ஹாஸ்லிட் கருதினார். எழுத்தாளன் எழுதியது சரியா தவறா என்று வாதிட இடமுண்டு. பந்து தரையில் விழுந்தால் வாதத்துக்கே இடமில்லை என்பது அக்கட்டுரையின் உட்கிடை. எல்லாவற்றையும் அவர் பாராட்டிவிடவில்லை. மூக்கு நுனியில் செயற்கை மரத்தை நிறுத்தி அதன் கிளைகளிலுள்ள பறவைகளைக் குழலால் ஊதி வீழ்த்துவதில் பந்தின் அழகு இல்லை என்றார். வாள் விழுங்குவதைக் காவலர் தடுக்கவேண்டும் என்றே எழுதினார்.

வித்தைகள்

பந்து வித்தை: நான்கு பந்துகளைச் சுழற்றும்போது பொதுவாக ஒவ்வொரு கையும் இரண்டு பந்துகளைத் தனித்தனியே கையாளும். மூன்று பந்துகளைப்போல அவை கைமாறிச் செல்வதில்லை. ஆகவே இரு கைகளும் ஒன்றையொன்று சாராமல், ஆனால் ஒரே தாளத்தில் இயங்கவேண்டும். பந்து காற்றில் இருக்கும் நேரத்தை இரு மடங்காக்க விரும்பினால் எறியும் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். உயரம் கூடினால் சிறு பிசகும் பெரிய விலகலாகிவிடும். எனவே தாழ எறிந்து விரைந்து பிடிப்பவரே தேர்ந்தவர். தரையில் அமர்ந்தபடி கால்களைச் சுற்றியும் முதுகுக்குப் பின்னும் பந்துகளைச் செலுத்துவது இன்றைய கலைஞர்களுக்கும் கடினமானதே.

மணி கோத்தல்: உதிரி மணிகளை வாயிலிட்டு, குதிரை மயிர் ஒன்றையும் உள்ளே செலுத்தி, நாவின் அசைவால் மணிகளை அதில் கோத்து வெளியே இழுப்பது இவ்வித்தை.

வாள் விழுங்குதல்: இதில் கண்கட்டு எதுவுமில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, குமட்டலை நெடுநாட் பயிற்சியால் அடக்கி, மழுங்கிய முனையுடைய வாளை இரைப்பை வரை இறக்குவர். வாள் இதயத்துக்கு மிக அருகே செல்வதால் உயிருக்கே தீங்கு நேரலாம். இவ்வித்தை மருத்துவத்துக்கும் பயன்பட்டுள்ளது. 1868 இல் செருமானிய மருத்துவர் அடால்ப் குஸ்மால், இரைப்பையின் உட்புறத்தை நோக்கும் குழாயை ஒரு வாள்விழுங்கியைக்கொண்டே சோதித்துப் பார்த்தார்.

அமெரிக்காவில்

அன்றைய அமெரிக்காவில் பொழுதுபோக்குக் காட்சி எளிதில் நடத்தக்கூடியதாக இருக்கவில்லை. மாசச்சூசெட்சில் 1750 இல் நாடகம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 1793 இல்தான் அத்தடை நீங்கியது. நேரத்தை வீணாக்கும், ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்ற எண்ணம் அதற்குப் பிறகும் மறையவில்லை. சிற்றூர்களில் ஊர் அலுவலரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே காட்சி நடத்த இயலும். சத்திரங்களின் பெரிய அறைகளும் நகர மன்றங்களுமே மேடைகளாயின. ஒரு பெட்டியோடு குதிரை வண்டியில் வந்து, இரண்டு மூன்று இரவுகள் காட்சி நடத்தி, அடுத்த ஊருக்குச் செல்லும் தனிக் கலைஞரே இச்சூழலுக்குப் பொருந்தினார்.

இவர்களுள் பலர் மாயவித்தையோடு மாயக்குரலையும் காட்டினர். உதடு அசையாமல் பேசி, குரல் வேறிடத்திலிருந்து வருவதாகக் கேட்போரை மயங்கவைப்பதே மாயக்குரல். குரல் உண்மையில் எங்கும் எறியப்படுவதில்லை. ஒலி வரும் திசையை உணர்வதில் செவி கண்ணைப் பின்பற்றுவதால், கலைஞர் எந்தப் பெட்டியை உற்று நோக்குகிறாரோ அங்கிருந்தே குரல் வருவதாகத் தோன்றுகிறது. இதழ்கள் பொருந்தினாலன்றிப் பிறவாத ப, ம போன்ற ஒலிகளே இக்கலைஞர்களுக்கு இடர் தருபவை; அவற்றுக்கு ஈடாக நாவினால் எழுப்பத்தக்க அண்மை ஒலிகளைப் பயன்படுத்துவர். மடியில் பொம்மையை வைத்துப் பேசும் வழக்கம் பின்னர் பரவியது. அக்காலத்தில் தரையின் கீழிருந்தும், மூடிய பேழையிலிருந்தும், பார்வையாளர் ஒருவரின் சட்டைப் பையிலிருந்தும் குரல் கேட்பதாகக் காட்டுவதே வழக்கம். இதைக் கேட்டு அஞ்சியவர்களும் உண்டு. சார்லஸ் பிராக்டன் பிரவுன் 1798 இல் எழுதிய "வீலண்ட்" என்ற அமெரிக்கப் புதினத்தில் இத்தகைய குரல்வித்தை ஒரு குடும்பத்தின் அழிவோடு பிணைக்கப்பட்டுள்ளது.

ராமோ சாமிக்கு முன்னரே இந்தியக் கலைஞர் ஒருவர் அமெரிக்கா சென்றிருந்தார். சேனா சம்மா என்று விளம்பரங்களில் குறிக்கப்பட்ட அவர் 1817 நவம்பரில் நியூயார்க்கில் வாள் விழுங்கிக் காட்டினார். சின்னசாமி என்ற பெயரே இவ்வாறு திரிந்தது எனக் கொள்ளலாம். அவரது வாளை யாரோ திருடிவிட்டதாகவும், அதற்கு ஈடாக நியூயார்க்கிலேயே புதிய வாள் செய்விக்கப்பட்டதாகவும் அவ்விளம்பரம் கூறியது. மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி 1920 இல் வெளியிட்ட தமது நூலில் இச்செய்தியை எடுத்துக்காட்டியுள்ளார். உள்ளூர்க் கொல்லர் செய்த வாள் என்றதால், இந்திய வாளில் ஏதோ சூது இருக்கிறது என்ற ஐயமும் கூடவே தீர்ந்திருக்கும். திருட்டே விளம்பரமாக உதவியது எனலாம்.

ராமோ சாமி 1819 இல் அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் மாசச்சூசெட்சின் சேலம் நகரில் அவர் நடத்திய காட்சியின் விளம்பரம் அந்நகரின் "சேலம் கெசட்" இதழில் வெளிவந்தது. ஆரஞ்சுப் பழ அளவுள்ள, உள்ளீடற்ற நான்கு பித்தளைப் பந்துகளை அவர் கிடையாகவும் செங்குத்தாகவும் சாய்வாகவும் வட்டமிடச் செய்வார் என்றும், கால்களைச் சுற்றியும் கைகளின் கீழும் தலையைச் சுற்றியும் அவை ஓயாது சுழலும் என்றும் அவ்விளம்பரம் விரிவாக வருணிக்கிறது.

(இந்தச் சேலத்துக்கும் தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை.) எனினும் அமெரிக்கச் சேலம் சென்னையை அறியாத ஊரன்று. கீழைநாட்டு வணிகத்தால் செழித்த துறைமுகம் அது. 1790 டிசம்பரில் சென்னையிலிருந்து வந்த ஒருவரை அவ்வூர்ச் சமயகுரு வில்லியம் பெண்ட்லி கண்டு, அவரது கருநிறத்தையும் நீண்ட கூந்தலையும் உயரத்தையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். 1796 இல் வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்கு முதல் யானையைக் கொண்டுவந்தவரும் சேலத்துக் கப்பல் தலைவரான ஜேக்கப் கிரவுனின்ஷீல்டே. நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ கடந்து கப்பல் செலுத்தியவர்கள் 1799 இல் அங்கே ஒரு கழகமும் அருங்காட்சியகமும் அமைத்தனர். ஆகவே ராமோ சாமியின் பார்வையாளர்களுள் இந்தியத் துறைமுகங்களில் இத்தகைய வித்தையை நேரிலேயே கண்ட மாலுமிகளும் இருந்திருக்க வேண்டும்.

ரிச்சர்ட் பாட்டர்

இந்தியக் கலைஞர்கள் வந்த காலத்தில் நியூ இங்கிலாந்துப் பகுதியின் முன்னணி வித்தைக்காரராக இருந்தவர் ரிச்சர்ட் பாட்டர் (1783-1835). அமெரிக்காவில் பிறந்து புகழ்பெற்ற முதல் மாயவித்தைக்காரரும் மாயக்குரல் கலைஞரும் இவரே எனப்படுகிறது. மாசச்சூசெட்சின் ஹாப்கிண்டனில், பிராங்க்லண்ட் என்ற செல்வக் குடும்பத்தில் அடிமையாயிருந்த டைனா என்ற கறுப்பினப் பெண்ணுக்கு இவர் பிறந்தார். சர் சார்லஸ் ஹென்றி பிராங்க்லண்டே இவருடைய தந்தை என்ற கதை நெடுங்காலம் வழங்கியது. ஆனால் அவர் 1768 இலேயே, அதாவது பாட்டர் பிறப்பதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, இறந்துவிட்டார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மாயக்குரல் கலைஞர் ஜான் ரேனியிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற பாட்டர், 1811 முதல் தனியே காட்சி நடத்தினார். பறவைகளின் குரலைப் பின்பற்றுதல், உடைத்த பொருளை மீட்டுத் தருதல், பழுக்கக் காய்ச்சிய இரும்பை நாவில் தொடுதல் முதலியன அவரது நிகழ்ச்சியில் இருந்தன.

பாட்டரை இந்தியர் என்று நம்பியவர்கள் பலர். அவர் அதை வலிந்து மறுக்கவில்லை. காரணம் எளிது. "கீழைநாட்டவர்" என்ற எண்ணம் வித்தைக்கு மெருகூட்டியது. அதைவிட முதன்மையாக, அடிமைமுறை நிலவிய நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் ஊர் ஊராகத் தனித்துச் செல்வது பேரிடர் மிக்கது. அவர் தென் மாநிலங்களுக்கும் சென்று காட்சி நடத்தியவர். அங்கே தோற்றத்தைப் பற்றிய ஒரு தவறான கருத்தே அவருக்குக் காவலாயிற்று. நியூ ஆம்சயரின் ஆண்டோவரில் நிலம் வாங்கி வீடு கட்டி வாழ்ந்து 1835 செப்டம்பரில் அவர் இறந்தார். அவ்விடம் இன்றும் அவர் பெயராலேயே பாட்டர் பிளேஸ் என வழங்குகிறது. அவரது கல்லறையும் அங்கேயே உள்ளது.

பிற்காலமும் இறப்பும்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராமோ சாமி 1820 களிலும் 1830 களிலும் இங்கிலாந்தின் பல நாடக அரங்குகளிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் தோன்றினார். எலன் என்ற பெண்ணை மணந்து அங்கேயே வாழ்ந்தார். அவரது பெயர் வீட்டுவழக்குச் சொல்லாகும் அளவுக்குப் பரவியிருந்தது. நாவலாசிரியர் தாக்கரே "போலிப் பெருமையர்" பற்றிய தமது நூலில், கத்தியால் உணவு உண்ணும் ஓர் இளவரசி ராமோ சாமியைப்போல அதை விழுங்கியே விடுவாள்போல் இருந்தது என்று நகையாடுகிறார். விளக்கம் ஏதும் தராமல் இவ்வுவமையை எழுத முடிந்ததே அப்பெயரின் பரவலுக்குச் சான்று.

புகழ் பணமாக நிலைக்கவில்லை. மேடையில் புதுமை தேய்ந்ததும் ஊதியமும் தேய்ந்தது. 1850 ஆகஸ்டில் அவர் இறந்தபோது அடக்கத்துக்குக்கூடப் பொருள் இல்லை. அவரது மனைவி "பெல்ஸ் லைப்" என்ற இலண்டன் செய்தித்தாள் வழியாகப் பொதுமக்களின் உதவியை வேண்டினார்.

வேடமாகிய பெயர்

ராமோ சாமி இறப்பதற்கு ஓராண்டு முன், 1849 இல், ஒயிட் தீவில் விடுமுறையைக் கழித்த சார்லஸ் டிக்கன்ஸ் நண்பர்களுக்காக மாயவித்தைக் காட்சி ஒன்றை நடத்தினார். அதற்கு அவர் புனைந்துகொண்ட பெயர் "ரியா ராமா ரூஸ்". ராமோ சாமி, கியா கான் குரூஸ் என்ற அக்கால மேடைப் பெயர்களைப் பகடிசெய்து அமைத்த பெயர் இது.

அமெரிக்காவிலும் இவ்வேடம் பரவியது. இங்கிலாந்தில் பிறந்த ஐசாயா ஹியூஸ் "ஆவாவின் பக்கிரி" என்ற பெயரில் கீழைநாட்டு உடை அணிந்து அமெரிக்க நகரங்களில் காட்சி நடத்தினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஹாரி கெல்லர் இவரிடம் உதவியாளராக இருந்து தொழில் பயின்றவர். இந்தியக் கயிற்று வித்தை என்று உலகமே பேசிய மாயமும் அமெரிக்காவில் பிறந்த செய்தியே. கயிறு வானில் எழ, சிறுவன் அதில் ஏறி மறைந்தான் என்ற கதையை "சிகாகோ டிரிப்யூன்" 1890 ஆகஸ்டில் வெளியிட்டது. சந்தாதாரர்களைக் கவரவே ஜான் வில்கி அதைப் புனைந்தார் என்பதை அவ்விதழே சில மாதங்களில் ஒப்புக்கொண்டது. ஆனால் மறுப்பைப் படித்தவர்களைவிடக் கதையை நம்பியவர்களே மிகுதி.

பெயருக்கு நேர்ந்தது வேறு வகை. 1886 இல் வெளியான "ஹாப்சன்-ஜாப்சன்" என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் "ராமசாமி" என்பதை இந்துக்களுக்கான பொதுப்பெயராகப் பதிவு செய்கிறது. இலங்கைக்குச் சென்ற இந்தியக் கூலித் தொழிலாளரைக் குறிக்கச் சிறப்பாக வழங்குவதாகவும் கூறுகிறது.

வாய்க்குள் மணி கோக்கும் வித்தை மட்டும் பெயர் மாறி வாழ்ந்தது. மணிக்கு மாற்றாக ஊசிகளையும், குதிரை மயிருக்கு மாற்றாக நூலையும் விழுங்கி, நூலில் கோத்த ஊசிகளை வாயிலிருந்து நீளமாக இழுத்துக் காட்டியவர் ஹூடினி. இவர் 1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது இந்துப் பக்கிரி வேடத்தில் தொழில் நடத்தியவர். பின்னாளில் பெரிய அரங்குகளை நிறைத்த இவ்வித்தையை அவர் "கிழக்கிந்திய ஊசி வித்தை" என்றே அறிவித்து வந்தார்.